கங்காணி, நௌக்ரி, டெலிகிராம்: தரகருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பையன். வயது 22, டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனும் கையுமாக வீட்டுக்கு வந்தான். "மாமா, ஆஃபர் லெட்டர் வந்துருச்சு. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." பின்னாலேயே அவன் அம்மாவும் வந்தார்.

பிடிஎஃப் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஊரறிந்த ஒரு கம்பெனியின் முத்திரை, கீழே ரப்பர் ஸ்டாம்ப், பச்சை மையில் கையெழுத்து. மாதம் 32,000 சம்பளம், தங்குமிடம் இலவசம், பஸ் இலவசம். விளம்பரம் வந்தது ஒரு டெலிகிராம் குரூப்பில். இன்டர்வியூ வாட்ஸ்அப் சாட்டிலேயே பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதிவுக் கட்டணம் என்று 1,850 ரூபாயை ஏற்கெனவே அனுப்பிவிட்டான். இப்போது "திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை" என்று 14,500 கேட்கிறார்கள். மறுநாள் மதியத்துக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

அவன் அம்மா ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மேலே போய்வருகிறவர். லெட்டரை வாங்கிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தக் காசு கேக்குற ஆளு எந்த ஊரு தம்பி? அவன் வீடு எங்க இருக்கு?"

பையன் சிரித்துவிட்டான். உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்சம் சிரித்தேன். "அக்கா, இதெல்லாம் ஆன்லைன்ல நடக்குறது" என்று ஏதோ விளக்கம் வேறு சொன்னேன். இருபத்துச் சொச்சம் வருடமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். நானே வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறேன், பலமுறை வேலை தேடியும் இருக்கிறேன். அன்று சாயங்காலம்தான் உறைத்தது, அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்று. அதன் பிறகு சில வாரங்கள் இந்த ஆன்லைன் வேலைத் தரகைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் புரிந்துகொள்ள நம் பள்ளத்தாக்கின் ஜீப் கணக்கு தெரிய வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவார ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். தோட்டக்காரருக்கும் வேலைக்காரருக்கும் நடுவில் ஒருத்தர் இருப்பார். ஜீப் ஓட்டுகிறவரோ, ஆள் சேர்க்கிறவரோ, சில இடங்களில் இரண்டும் ஒருவரேதான். வண்டி வாடகையும் ஆள் சேர்த்த காசும் அவருக்குத் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறது. நாளைக்குக் கூலி குறைந்தாலோ, பேசிய வேலை ஒன்று செய்யச் சொன்ன வேலை வேறொன்று என்றாலோ, அந்த அக்கா நேராகப் போய் நிற்கும் இடம் அந்த ஆளின் வீட்டு வாசல். அவர் பொண்டாட்டி வெளியே வந்து பதில் சொல்லியாக வேண்டும். இதுதான் அங்கே தொழிலாளர் நீதிமன்றம்.

இதை ஏதோ பொற்காலம் மாதிரி நான் வர்ணிக்கவில்லை. ஆள் சேர்க்கிற தரகுக்கு இந்தப் பக்கத்தில் நல்ல சரித்திரம் கிடையாது. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போன வழிகளில் ஒன்று போடி, கொட்டகுடி மலைப்பாதை. அந்தப் பக்கம் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை ரோப்வேயில் கீழே இறங்கியது, இந்தப் பக்கமிருந்து மனிதர்கள் மேலே ஏறினார்கள். அவர்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. தோட்டத்திடம் முன்பணம் வாங்குவார், அதை ஊரில் கடனாகக் கொடுப்பார், கடன்பட்டவர் அவர் பின்னால் மலையேறுவார். ஆள் வேலை செய்கிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு உண்டு.

இலங்கைத் தோட்டங்களில் இது இன்னும் முறையாக, காகிதத்தோடு நடந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ஐடி கம்பெனிகளின் ரிலீவிங் லெட்டர். பாண்டு காசு பாக்கி, நோட்டீஸ் பீரியட் பாக்கி, எல்லாம் தீர்த்தால்தான் லெட்டர். லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனியில் நுழைய முடியாது. கொடுமையின் அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஒப்பிடுவதே தப்பு என்று சிலர் சண்டைக்கு வரலாம். காகிதம் செய்கிற வேலை ஒன்றுதான் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கங்காணிக்குக் காசு கொடுத்தவர் துரை. அதனால் கங்காணி கடைசியில் துரையின் ஆள். ஆனால் அவன் நம் ஊர்க்காரன், நம் ஊருக்குத் திரும்பி வந்தாக வேண்டியவன், அதனால் ஓரளவுக்குப் பிடிபடுவான். எந்த வேலைத் தரகைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தரகருக்குக் காசு யாரிடமிருந்து வருகிறது? தகராறு என்றால் யார் வாசலில் போய் நிற்பது? இதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே வருவோம்.

யாரும் காசு கொடுக்காத தரகர்

எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச். எங்கள் தலைமுறையில் பத்தாவது மார்க் ஷீட் வந்த கையோடு பதிந்துவிடுவோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரினிவல், மறந்தால் சீனியாரிட்டி போச்சு. இங்கே யாரிடமும் தரகு கிடையாது, செலவு முழுக்க அரசாங்கத்தினுடையது. அதுதான் அதன் பெருமை, அதன் பிரச்சினையும் அதுவே. 1959ஆம் வருடத்துச் சட்டம், பொதுத்துறை நிறுவனங்களும் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலி இடங்களை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதே சட்டத்தில் இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம், எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பட்டியலோடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கிற எல்லாரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் வரிசையில் காத்திருந்ததற்கு இருந்த மதிப்பு அத்தோடு கரைய ஆரம்பித்தது. பதிவு ஆன்லைனுக்கு மாறிய பிறகும் தமிழ்நாட்டில் 60 லட்சம் பேருக்கு மேல் பதிந்து காத்திருந்தார்கள்.

தேனி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இப்போது உருப்படியாக நடக்கிற விஷயம் வேறு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தனியார் கம்பெனிகளை வரவழைத்துச் சின்னதாக முகாம் நடத்துகிறார்கள். 2020இல் தனியார் துறை வேலைகளுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு இணையதளமும் தொடங்கியது. இரண்டு பக்கமும் காசு இல்லை. பளபளப்பு கம்மி, சம்பளமும் கம்மிதான். ஆனால் அங்கே வருகிற கம்பெனிக்காரர் ஒரு அரசு அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்கிறார். இதை நான் ரொம்ப நாள் அலட்சியமாக நினைத்திருந்தேன்.

நீங்கள் சரக்கு

நான் பி.இ. முடித்தது 2001. டாட்காம் குமிழி உடைந்திருந்த நேரம், வேலையே இல்லை. புதன்கிழமை 'ஹிந்து'வில் வரும் ஆப்பர்ச்சூனிட்டீஸ் இணைப்புக்காகக் காத்திருப்போம். ஒரு பேப்பர், ஐந்து பேர், முதலில் வந்தவன் முதல் பக்கம். பிறகு பிரவுசிங் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து நௌக்ரியில் ரெஸ்யூமே ஏற்றிவிட்டு, ஏதோ வேலையே கிடைத்துவிட்ட மாதிரி பரோட்டா சாப்பிடப் போவோம்.

நௌக்ரி பிறந்த கதை சுவாரஸ்யமானது. சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் ஹார்லிக்ஸ் தயாரித்த கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆபீசுக்கு 'பிசினஸ் இந்தியா' பத்திரிகை வந்ததும் எல்லாரும் பின்பக்கத்திலிருந்து புரட்டினார்கள். பின்னால்தான் வேலை விளம்பரம். யாருக்கும் இப்போதைக்கு வேலை மாறும் எண்ணம் இல்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1996இல் டெல்லியில் ஒரு கண்காட்சியில் இணையத்தைப் பார்த்தார். அமெரிக்காவில் இருந்த அண்ணன் உதவியோடு சர்வர் பிடித்து, பத்திரிகை விளம்பரங்களிலிருந்து வேலைகளைத் தொகுத்துப் போட்டு 1997இல் தளத்தைத் தொடங்கினார். 2006இல் அந்தக் கம்பெனி, இன்ஃபோ எட்ஜ், பங்குச் சந்தைக்கு வந்தது.

நமக்கு முக்கியம் அதன் காசு வரும் வழி. வேலை தேடுகிறவருக்கு இலவசம். கம்பெனிகள் இரண்டு விதமாகக் காசு கொடுக்கின்றன. விளம்பரம் போட ஒன்று. இன்னொன்றுதான் பெரிய விஷயம்: நாம் ஏற்றிய ரெஸ்யூமேக்களின் கிடங்கில் தேட வருடச் சந்தா. ரெஸ்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். போடி ஏல மையத்தில் ஏலக்காய் மாதிரியைப் பாக்கெட்டில் போட்டு வியாபாரிகள் முன்னால் வைப்பார்கள். அவர்கள் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, திரையில் விலை கேட்பார்கள். ரெஸ்யூமே என்பது அந்த மாதிரிப் பாக்கெட். ஏலக்காய் விவசாயிக்காவது தன் சரக்கு எவ்வளவுக்குப் போனது என்பது திரையில் தெரியும்.

இந்தக் கிடங்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சில விஷயங்கள் விளங்கும். ஆள் தேடுகிறவர் திறன், ஊர், அனுபவம், சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று வடிகட்டிகளைப் போடுவார். அதோடு "கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார்" என்றும் ஒரு வடிகட்டி உண்டு. ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவர் வேறு வேலைக்குப் போயிருப்பார் என்று அனுமானம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தினமும் காலையில் புரொஃபைலில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்ப்பதும் மறுநாள் அழிப்பதுமாக இருக்கிறார்கள். கேலியாகத் தெரியலாம், ஆனால் வேலை செய்யும்.

ஒரே வேலையை நாலு கன்சல்டன்சி போட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். காரணம் தரகு. சாஃப்ட்வேர் துறையில் வழக்கமான தரகு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் சேர்ந்தால்தான் காசு. ஆகவே யார் முதலில் உங்கள் ரெஸ்யூமேயைக் கம்பெனிக்கு அனுப்புகிறார்களோ அவர்களுக்குத்தான் உரிமை என்று ஓட்டப்பந்தயம் நடக்கும். உங்களுக்குத் தெரியாமலே இரண்டு பேர் உங்களை ஒரே கம்பெனிக்கு அனுப்பி, தரகு யாருக்கு என்ற தகராறு வேண்டாம் என்று கம்பெனி உங்களையே ஒதுக்கியதும் உண்டு. எனக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று, காரணம் தெரியவே எட்டு மாதம் ஆனது.

இதில் ஒரு நல்லது என்னவென்றால், காசு கொடுப்பவர் கம்பெனி. ஒழுங்கான கன்சல்டன்சி உங்களிடம் ஒரு ரூபாய் கேட்காது, அதற்கு அவசியமே இல்லை. ஒரு மாதச் சம்பளம் அவர்களுக்கு வந்துகொண்டிருக்கும்போது 1,850 ரூபாய்க்கு ஏன் கை நீட்டப் போகிறார்கள்?

அடுத்து எல்லாரும் பயப்படும் ஏ.டி.எஸ். என்கிற மென்பொருள். "75 சதவீத ரெஸ்யூமேக்களை மனிதர் பார்க்கும் முன்பே கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுவிடுகிறது" என்று ஒரு வாசகம் லிங்க்ட்இனில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வேரைத் தேடிப்போனேன். ரெஸ்யூமே திருத்தும் சேவை விற்றுவிட்டு எப்போதோ மூடப்பட்ட ஒரு அமெரிக்க நிறுவனத்தின் விற்பனைப் பேச்சில் போய் முட்டி நிற்கிறது, அதற்குப் பின்னால் ஆய்வு எதுவும் அகப்படவில்லை. ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் வெளியேற்றுவது நாம் டிக் அடிக்கும் கேள்விகள்தான். எத்தனை நாளில் சேர முடியும், இப்போதைய சம்பளம் என்ன, இந்த ஊருக்கு வருவீர்களா. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று போட்டால் "உடனே சேர்பவர்" கேட்கும் இடத்தில் நீங்கள் திரைக்கே வர மாட்டீர்கள். இரண்டு பத்தியாக, படமும் கட்டமும் போட்ட ரெஸ்யூமே வேண்டாம் என்பது மட்டும் நிஜம். மென்பொருள் அதைக் குறுக்கே படித்துக் குழப்பிவிடும்.

எளிதாக விண்ணப்பித்தால்

லிங்க்ட்இன் 2003இல் வந்தது, 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கேயும் பெரிய காசு கம்பெனிகளிடமிருந்துதான். கூடவே வேலை தேடுகிறவரிடமும் பிரீமியம் சந்தா விற்கிறார்கள். வேலை போன ஆளிடம் "உங்களோடு விண்ணப்பித்தவர்களை விட நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்க வேண்டுமா" என்று கேட்டுக் காசு வாங்குவது எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை.

அங்கே ஒரு பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் போய்விடும். 2001இல் நான் ஒரு விண்ணப்பம் அனுப்ப பிரிண்ட், கவர், தபால் தலை என்று பத்து ரூபாய்க்கு மேல் ஆகும். அதனால் எனக்குப் பொருந்தாத வேலைக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் பத்து ரூபாய் எனக்குச் செலவு, கம்பெனிக்குத் தகவல்: இவன் நிஜமாகவே இந்த வேலையைக் கேட்கிறான் என்று. செலவு பூஜ்யம் ஆனதும் தகவலும் பூஜ்யம் ஆகிவிட்டது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் தட்டுகிறார்கள். இப்போது ரெஸ்யூமேயையும் கவர் லெட்டரையும் ஏ.ஐ. எழுதித் தருவதால் எல்லாமே ஒரே குரலில் வேறு இருக்கின்றன. ஒரு வேலைக்கு ஆயிரம் விண்ணப்பம் வந்தால் ஆள் எடுப்பவர் என்ன செய்வார்? நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் அறுபதைப் பார்த்தேன், சலித்துப்போய், "உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருக்காங்களா?" என்று டீமில் கேட்டேன்.

மறுபடி தெரிந்தவர். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இதில் பிரசித்தம். பாஸ்டன் பக்கத்து நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இனில் இரண்டு கோடி பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. அந்தப் பயனர்களுக்கே தெரியாமல்தான், அதை விடுங்கள். ஓரளவு தளர்ந்த பரிச்சயம்தான் வேலை மாற அதிகம் உதவுகிறது என்று வந்தது. நமக்கு முக்கியமான இன்னொரு முடிவு: இது கம்ப்யூட்டர் அதிகம் புழங்கும் துறைகளில் உண்மை. கம்ப்யூட்டர் குறைவாகப் புழங்கும் துறைகளில் நெருங்கிய உறவுதான் உதவியது.

எனக்கு லிங்க்ட்இன் வேலை செய்வதற்கும், எதிர்வீட்டு டிப்ளமோ மெக்கானிக்கல் பையனுக்கு அது வெறும் மோட்டிவேஷன் ஸ்பீச்சாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தெரிந்தவர் இரண்டு வேலை செய்கிறார். இடம் காலி என்று சொல்கிறார். இந்தப் பையன் சரியான பையன், இந்தக் கம்பெனி சரியான கம்பெனி என்று இரண்டு பக்கமும் ஜாமீனும் நிற்கிறார். இணையம் முதல் வேலையை நன்றாகவே எடுத்துக்கொண்டது. இரண்டாவதில் கம்பெனிகள் தங்கள் பக்கத்தைக் காசு போட்டு அடைத்துக்கொண்டன. போலி அனுபவச் சான்றிதழ்கள் பெருகியபோது 2006இலேயே நாஸ்காம் தேசியத் திறன் பதிவேடு என்று ஒன்றைத் தொடங்கி, ஊழியரின் கைரேகை வரை வாங்கிச் சரிபார்க்க ஆரம்பித்தது. கம்பெனி உங்களைச் சரிபார்க்க இப்போது தனி ஏஜென்சிகளே இருக்கின்றன. நீங்கள் கம்பெனியைச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான், கையில் ஒரு போனோடு.

வாசல் இல்லாத கங்காணி

இந்த ஓட்டைக்குள் புகுந்தவைதான் டெலிகிராம், வாட்ஸ்அப் குரூப்புகள். நல்ல குரூப்புகளும் உண்டு, அரசுத் தேர்வு அறிவிப்புகளைத் தமிழில் சுருக்கிப் போடும் சில குரூப்புகளுக்கு நானே கடன்பட்டிருக்கிறேன். ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கம்பெனி தரவில்லை, அரசாங்கம் தரவில்லை. ஒன்று விளம்பரம், இல்லையென்றால் உறுப்பினர்கள்.

இதன் கடைசிப் படியைத் தாய்லாந்தில் பார்த்தோம். 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஐடி படித்த இளைஞர்களுக்கு "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வருகிறது, துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜெண்டுகள் பேசுகிறார்கள், தாய்லாந்து என்று சொல்லிக் கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்துவைக்கிறார்கள் என்று. அடைத்துவைத்துச் செய்யச் சொன்ன வேலை ஆன்லைனில் மற்றவர்களை ஏமாற்றுவது. அக்டோபர் முதல் வாரத்தில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழ் இளைஞர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 பேரை ஏற்றி வந்தன.

கங்காணியின் அதே இயந்திரம்தான். ஆள் சேர்த்ததற்குத் தலைக்குக் காசு, போனவரின் மேல் எழுதப்படும் கடன், கடன் கட்டாமல் வெளியே வர முடியாத இடம். ஒரே ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டார்கள், அவன் வீட்டு வாசலை.

படித்தவர்கள் எப்படிச் சிக்கினார்கள் என்பதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1983ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்குப் போனால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். பத்தாவது தேறினாலே பாஸ்போர்ட்டில் அந்தச் சோதனை தேவையில்லை என்றாகிவிடும். படித்தவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பது சட்டத்தின் எண்ணம். கொத்தனாருக்கு இருக்கும் தடுப்புச் சுவர் பி.இ. பையனுக்கு இல்லை. டூரிஸ்ட் விசாவில் விமானம் ஏறினால் கேட்க ஆள் இல்லை.

வெளிநாட்டு வேலை என்றால் பார்க்க வேண்டியது இ-மைக்ரேட் தளம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல், உரிம எண், முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஏஜெண்டே உங்களிடம் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இருக்கிறது. நம் ஊரில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்துப் போகிறவர்களுக்கு இந்த 30,000 கணக்கைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அவனை உட்கார வைத்து அம்மாவின் கேள்வியையே இணையத்தில் கேட்டோம். லெட்டர் வந்த மின்னஞ்சல் முகவரி, கம்பெனியின் சொந்த டொமைன் இல்லை, ஜிமெயில். 1,850 ரூபாய் போன கணக்கில் காட்டிய பெயர் ஒரு தனிநபருடையது. கம்பெனியின் தளத்தில் வேலைப் பகுதிக்குப் போனால், ஆள் எடுக்க நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று முதல் பத்தியிலேயே போட்டிருந்தது. லெட்டரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, நேரில் வந்து பணம் கட்டுகிறோம், ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். "சார், இப்ப எல்லாம் ஆன்லைன் ப்ராசஸ்" என்றார் ஒருவர். காலையில் நான் அந்த அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. காது சுட்டது.

1930க்கு அடித்துப் புகாரைப் பதிந்தோம். எண் கொடுத்தார்கள். 1,850 திரும்பி வரவில்லை.

அப்புறம் தேனியில் வெள்ளிக்கிழமை முகாமுக்கு ஒருமுறை போனான், ஒத்துவரவில்லை. கடைசியில் சின்னமனூரில் இருக்கும் அவன் சித்தி மகனின் சேக்காளி ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறான், அவன் சொல்லி அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். 16,500 சம்பளம். நடுவில் ஒரு மேன்பவர் ஏஜென்சி இருக்கிறது, தொழிற்சாலை அவர்களுக்குக் கொடுத்து அவர்கள் இவனுக்குக் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது அவன் அம்மா, அந்த ஏஜென்சி ஆபீஸ் எந்தத் தெருவில், யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து வாசல் போர்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஒரு டீக்கடைக்கு மேல் மாடி. அனுப்பியிருக்கிறான், என்னிடமும் காட்டினார்.